தம்பியின் முகம் எடுத்த நாற்பத்தொரு நாள்

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும், வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். அடுத்த வரியில் இங்கே நாங்கள் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் கை தானாகப் போகிறது, இத்தனை வருடப் பழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுத மாட்டேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் ஏதாவது கேட்பாய், நான் அழுது பாதியில் வைத்துவிடுவேன், பாதிக் கதையை வைத்துக்கொண்டு நீ அங்கே தவித்துக்கொண்டிருப்பாய். அதனால்தான் காகிதம். உன்னோடு வேலை செய்கிற அந்தக் குண்டுக் கன்னத்துப் பெண் விடுமுறை முடிந்து வெள்ளிக்கிழமை திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே. உட்கார்ந்து முழுவதையும் படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயந்துவிடாதே, தம்பி உயிரோடு இருக்கிறான், கை கால் நன்றாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான். மனநல வார்டில்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அப்பாவின் பட்டறையை மூடினதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் எங்களை உட்கார வைத்து, வம்சத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா, பாட்டன் பூட்டன் யாராவது புத்தி பேதலித்துத் திரிந்தார்களா என்று அரை மணி நேரம் கேட்டார்கள், பட்டறை மூடினதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடம் லேத் முன்னால் நின்ற மனிதர் ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால் கேட்டில் பூட்டு. அது உனக்குத் தெரியும். பழைய வீட்டைக் காலி செய்துவிட்டு இந்த மாடி அறைக்கு வந்ததும் தெரியும். ஆனால் அறை எப்படி என்று நான் உனக்கு உண்மையைச் சொன்னதில்லை. காற்றோட்டமான இடம் என்று சொன்னேன், சுத்தப் பொய். கீழே பேட்டரிக் கடை, அதற்கு மேல் நாங்கள், எங்களுக்கு மேல் தகரம். பதினொரு மணிக்கு மேல் தகரம் காய ஆரம்பித்தால் சாயங்காலம் வரைக்கும் சுவரில் கை வைக்க முடியாது. மூன்று பேரும் படுத்துவிட்டால் யாராவது ஒருவர் எழுந்து பாயைச் சுருட்டினால்தான் கதவைத் திறக்க முடியும். ஜன்னல் ஒன்றே ஒன்று, தெருவைப் பார்த்து. அந்த ஜன்னல் பக்கம்தான் நம் சின்னவன், உன் தம்பி, படுப்பான்.

அப்பா வீட்டில் உட்கார்ந்ததும் எல்லாம் சின்னவன் தோளில் ஏறியது. முன்பு சாயங்காலம் மட்டும் சாப்பாடு டெலிவரிக்குப் போய்க்கொண்டிருந்தவன் காலை ஏழு மணிக்கே சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, அந்தப் பெரிய சதுரப் பையை முதுகில் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வழியில் நிறுத்த வேண்டியிருக்குமே என்று தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான். யாரோ ஒரு புண்ணியவதி குழம்பு சிந்திவிட்டது என்று ஒரே ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டாள், அதிலிருந்து அவனுக்கு ஆர்டர் குறைந்துபோனது, குறைந்ததைப் பிடிக்க இன்னும் ரெண்டு மணி நேரம் ஓடினான். நான் என்ன செய்தேன் தெரியுமா, என் பிள்ளை குதிரை மாதிரி ஓடுகிறான் என்று பேட்டரிக் கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டேன். நான் பிசிறு வெட்டுகிற சட்டைக் கம்பெனியில் ஒரு சட்டையில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது, ஒரு நாளைக்கு நானூறு சட்டை பார்க்கிறவள் நான், பெற்ற பிள்ளை பிரிந்து பிரிந்து வருவது மட்டும் என் கண்ணில் படவில்லை. ஷூவைக் கழற்றாமல் படுக்க ஆரம்பித்தான். கேட்டால், ஆர்டர் வந்தா உடனே கிளம்பணும்மா என்பான். அப்புறம் போனை அணைத்து வைத்த பிறகும் டிங் டிங் என்று கேட்கிறது என்றான். நாங்கள் இரண்டு பேரும் மேதைகள், காதுக் கோளாறு என்று முடிவு செய்து காது டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம். அவர் இரண்டு காதையும் சுத்தம் செய்துவிட்டு, காது கண்ணாடி மாதிரி இருக்கு, கூட்டிட்டுப் போங்க என்றார். வரும் வழியில் அப்பா, இனிமே நாங்க திட்டுறது உனக்கு நல்லாக் கேட்கும்டா என்று கிண்டல் செய்தார், அவனும் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் கடைசி.

ஒரு நாள் காலையில் எழுந்திருக்கவில்லை. உடம்பு சுடவில்லை, வலி இல்லை, உட்கார்ந்தபடியே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணில் தண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். அவர் தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, ஒரு மாசம் இவனை வேலைப் பக்கமே விடாதீங்க, வேலையைப் பத்திப் பேசக்கூடச் செய்யாதீங்க என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தோம். ஆனால் அந்தக் கம்பெனியில் ஏழு நாள் ஓடாவிட்டால் அவன் பெயரில் இருக்கிற ஐடியை மூடிவிடுவார்கள், மூடினால் புதிதாகச் சேர இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள், வண்டிக்குத் தவணை பாக்கி இருக்கிறது, என் சம்பளம் வாடகைக்கே பத்தாது. ஆறாவது நாள் சாயங்காலம் அப்பா என்னை மாடிப்படிக்குக் கூப்பிட்டு, நான் ஓட்டுறேன் என்றார். ஹெல்மெட் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியும், அவன் குணமாகி வரும்போது ஐடி அப்படியே இருக்கட்டும் என்றார். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. இருட்டில் வழி கிடைத்த மாதிரி இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு தவிப்பு.

இதில் ஒரு சிக்கல். அந்தப் போன் தினமும் காலையில் திறக்கும்போது முகத்தைக் காட்டச் சொல்லும். வட்டத்துக்குள் முகம் வந்து கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தால் பச்சை டிக் விழும், அப்புறம்தான் ஆர்டர் வரும். அப்பாவின் முகத்தைக் காட்டினால் அது ஒத்துக்கொள்ளாது. அதனால் தினமும் காலையில் ஏழு மணிக்கு நான் சின்னவன் முன்னால் போய் உட்கார்ந்து போனை அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். எதுக்கும்மா என்று கேட்டான். லீவு சொல்லணும்னா தினமும் முகம் காட்டணுமாம்டா, ஒரு தடவை கண்ணை மூடித் திற என்றேன். சொன்னபடி செய்தான். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத பிள்ளை. பச்சை டிக் விழுந்ததும் போனை முந்தானையில் மறைத்துக் கீழே கொண்டுபோய்க் கொடுப்பேன். அப்பா பேட்டரிக் கடையின் பின்னால் சட்டையை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவனிடம் சொல்லிவிட்டால் என்ன என்று நான் ஒரு தடவை கேட்டேன். சொன்னால் அப்பாவை வெயிலில் ஓட விட்டுவிட்டோமே என்று எழுந்து வேலைக்கு ஓடிவிடுவான், டாக்டர் வேலைப் பேச்சே கூடாது என்றாரே என்றார் அப்பா. அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. இந்த வயதில் மகன் பெயரில் சாப்பாட்டுப் பை தூக்குவதில் அவருக்கு வெட்கமும் இருந்தது, அதை அவர் வாயால் சொல்லவில்லை.

முதல் நாள் அப்பா பட்ட பாட்டை நீ பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பாய். நாலாவது மாடி என்பதற்குப் பதில் நாலாவது கட்டடத்துக்குப் போயிருக்கிறார். தாமதமாகிவிட்டால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதவுக்கு முன்னால் நின்று, சம்பந்தி வீட்டில் மன்னிப்புக் கேட்கிற மாதிரி குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்பாராம். அந்தப் பணிவில் மயங்கி எல்லோரும் ஐந்து நட்சத்திரம் போட்டுத் தள்ளிவிட்டார்கள். மகன் உயிரைக் கொடுத்து ஓடி வாங்க முடியாத நட்சத்திரத்தை அப்பன் மூச்சு வாங்கி வாங்கி வாங்கிக்கொண்டு வந்தார். அந்த வாரம் கம்பெனி சின்னவன் பெயருக்குப் பாராட்டு அனுப்பியது, இந்தப் பகுதியின் சிறந்த ஊழியர் என்று. முகம் காட்டும்போது போனில் அதை அவனும் பார்த்திருக்கிறான். அதைத்தான் நான் உனக்கு அனுப்பி, பார் உன் தம்பி எப்படி முன்னேறுகிறான் என்று எழுதினேன். நீ அங்கே எல்லோரிடமும் காட்டினதாகச் சொன்னாய். அன்றைக்கு உன் தம்பி இங்கே சட்டைப் பட்டனைக்கூடப் போட முடியாமல் உட்கார்ந்திருந்தான் மகளே.

அப்புறம் அவன் பார்த்துவிட்டான். ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான். அவனுடைய வண்டி, அவனுடைய சிவப்புச் சட்டை, அவனுடைய பை, ஹெல்மெட்டில் அவன் ஒட்டின அந்த மஞ்சள் ஸ்டிக்கர், எல்லாம் தெருவில் போகிறது, அவன் மேலே பாயில் இருக்கிறான். என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான், அம்மா, நான் வெளியே போறதை நானே பார்த்தேன் என்று. என் வாய் என்ன சொன்னது தெரியுமா, அது வேற யாராவது இருக்கும்டா, எல்லாப் பையனும் அதே சட்டைதானே என்றது. அடுத்த நாள் அவனுடைய நெட்டைச் சிநேகிதன் வீட்டுக்கே வந்து, என்னடா நேத்து சிக்னல்ல கூப்பிட்டேன், திரும்பாமப் போயிட்டே என்று கேட்டான். சின்னவன் என்னைப் பார்த்தான். நான் தண்ணீர் எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அதிலிருந்து போனைக் கொண்டு போனால் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். என் முகத்தை எடுத்துட்டுப் போய் யாருக்கோ குடுக்கிறீங்க என்றான். நான் துண்டை விலக்கினேன். பெற்ற பிள்ளையின் முகத்திலிருந்து துண்டைப் பிடுங்கிப் போனைக் காட்டினவள் நான். இந்த இடத்தில் எழுத்து கோணலாக இருந்தால் பார்த்துப் படி.

பத்தொன்பதாவது நாள் காலையில் டிக் விழுந்ததும் அவன் என் பின்னாலேயே படியில் இறங்கி வந்துவிட்டான், செருப்புக்கூட இல்லை. நான் போனைக் கொடுத்துவிட்டுத் தண்ணீர்க் குடத்தோடு குழாய்ப் பக்கம் போய்விட்டேன், எனக்குத் தெரியாது. வண்டி கிளம்புவதைப் பார்த்து அதன் பின்னாலேயே ஓடியிருக்கிறான், தன் பெயரைத் தானே சத்தமாகச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, நில்லு நில்லு என்று. பஸ் நிறுத்தம் வரைக்கும் ஓடினானாம். தன் பெயரைத் தானே கூப்பிட்டு ஓடுகிறவனைப் பார்த்தால் நாலு பேர் என்ன நினைப்பார்கள், பிடித்து உட்கார வைத்தார்கள், திமிறினான், கையைக் கட்டினார்கள், ஒரு போலீஸ்காரர் நல்லவர், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அப்பாவுக்குக் கேட்கவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம்தான் என்னிடம் சொன்னார். வண்டிக் கண்ணாடியில் பார்த்தாராம். மகன் வெறுங்காலோடு ஓடி வருவதைப் பார்த்தாராம். நின்றால் எல்லாம் தெரிந்துவிடுமே, பையில் யாருடைய சாப்பாடோ ஆறிக்கொண்டிருக்கிறதே என்று ஒரு நொடி நினைத்தாராம், அந்த ஒரு நொடியில் கை தானாக வேகத்தைக் கூட்டிவிட்டதாம். சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை, நானும் அதுவரைக்கும் பார்த்ததில்லை.

வார்டில் ஒரு டாக்டரம்மா, உன் வயதுதான் இருக்கும், பொறுமையாகப் பேசுகிறவள். என்ன நடந்தது, எப்போதிலிருந்து என்று எல்லாம் கேட்டாள். தன்னைப் போலவே ஒருத்தன் தன் பெயரில் வெளியே திரிகிறான் என்கிறானே, இவன் வண்டியை வேறு யாராவது ஓட்டுகிறார்களா என்றும் கேட்டாள். பாவம், அவள் கேட்கத்தான் செய்தாள். அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். வண்டி கீழே பூட்டித்தான் இருக்கு டாக்டர் என்றார் அப்பா. நானும் ஆமாம் என்றேன். ஐடி போய்விடும் என்கிற பயம்தான் மகளே, வேறு ஒன்றும் இல்லை. மருந்தில் பாதியை வெளியே வாங்கிக் கொடுக்கச் சொல்கிறார்கள், அதற்கும் அந்த ஐடிதான் ஓட வேண்டும். அவன் குணமாவதற்கே அவன் பெயர் ஓட வேண்டியிருக்கிறது என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம்.

இனி எழுதப்போவதைத்தான் உன்னிடம் எப்படிச் சொல்வது என்று பத்து நாளாகத் தவிக்கிறேன். அவன் வார்டுக்குள் இருக்கிறான், போனுக்கு முகம் வேண்டும். பார்வையாளர் நேரம் காலை ஏழிலிருந்து எட்டு. உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. நான் பிளாஸ்க் வைக்கிற துணிப்பையின் அடியில் மறைத்துக் கொண்டு போனேன். அப்பா வாசலில் வண்டியோடு காத்திருப்பார். முதல் நாள் அவன் போனைப் பார்த்ததும் சுவரோடு ஒடுங்கிவிட்டான். நான் என்ன சொன்னேன் என்றால், டேய், அக்காவுக்கு உன்னைப் பார்க்கணுமாம்டா, ஒரு போட்டோ அனுப்பச் சொன்னா என்றேன். உன் பெயரைச் சொன்னதும் அவன் கை கீழே இறங்கிவிட்டது. அக்காவுக்கா என்று கேட்டான். ஆமாம் என்றேன். குழாயில் விரலை நனைத்துத் தலையைச் சரி செய்துகொண்டு வந்து உட்கார்ந்தான். இருபத்திரண்டு நாள். தினமும் தலையைச் சீவிக்கொண்டு, கண்ணை மூடித் திறந்து, சில நாள் சிரிக்கக்கூட முயற்சி செய்து காட்டினான். போட்டோ போயிடுச்சாம்மா, அக்கா என்ன சொன்னா என்று கேட்பான். நல்லா இருக்கான்னு சொன்னா என்பேன். போன மாதம் நீ என்னிடம், தம்பி ஏன் ஒரு போட்டோகூட அனுப்ப மாட்டேன் என்கிறான் என்று குறைப்பட்டாயே, அன்றைக்குக் காலையிலும் நான் உன் பெயரைச் சொல்லி அவன் முகத்தை எடுத்துக்கொண்டுதான் வந்திருந்தேன்.

அதற்கிடையில் அவன் நர்ஸிடம், இங்கேயும் என் முகத்தை எடுக்கிறாங்க என்று சொல்லியிருக்கிறான். அவள் எழுதி வைத்தாள். மருந்தைக் கூட்டினார்கள். நாக்கு தடித்துப் பேச்சு குழறியது, டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் மடியில். நான் மடியைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தேன். இப்படியும் ஒருத்தி இருப்பாளா என்று நீ நினைப்பாய். இருக்கிறாள், நீ அம்மா என்று கூப்பிடுகிறவள்தான்.

இருபத்திரண்டாவது நாள் டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உங்க பையனுக்குத் தெளிவு வந்துடுச்சும்மா, யாரும் தன் முகத்தை எடுக்கலைன்னு அவரே சொல்றார், இன்னும் பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பலாம் என்றாள். வந்த அன்றைக்கு எப்படி இருந்தார் பாருங்க என்று கோப்பைத் திறந்து அவன் சொன்னதை வாசித்தாள். தினமும் காலையில் என் முகத்தை எடுக்கிறார்கள். நான் படுத்திருக்கும்போது நான் தெருவில் போகிறேன். என் பெயரில் யாரோ வேலை செய்கிறார்கள், எனக்குப் பாராட்டு வருகிறது. என் அம்மாவுக்குத் தெரியும், ஆனால் சொல்ல மாட்டாள். ஒவ்வொரு வரிக்கும் நான் ஆமாம் ஆமாம் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே வந்தேன், கடைசி வரியில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். துணிப்பையிலிருந்து போனை எடுத்து மேஜையில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். நாற்பத்தொன்று என்றேன். கோப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவனுக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது நிஜம்தான், அந்த டிங் சத்தம், தூக்கம் போனது, பயம் எல்லாம் நிஜம்தான், ஆனால் தான் மருந்தைக் கூட்டினது இந்த ஒரு விஷயத்தைப் பார்த்துத்தான் என்றாள். குறைச்சுடுறேன், ஆனா இதை அவர்கிட்ட நீங்கதான் சொல்லணும் என்றாள்.

அன்றோடு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஐடி போனது, வண்டியைத் தவணைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள், போகட்டும். இப்போது கீழே பேட்டரிக் கடையில்தான் இறக்கி ஏற்றுகிறார், நான் ஞாயிற்றுக்கிழமை பாதி நாளும் பிசிறு வெட்டப் போகிறேன். அதைப் பற்றி நீ கவலைப்படாதே, நீ அனுப்புகிற பணத்தைக் கூட்டவும் வேண்டாம், நீயும் அந்த ரொட்டி ஆலையில் பெல்ட்டுக்கு முன்னால் நின்று நின்று கால் வீங்கிக் கிடக்கிறாய். உனக்கும் ஏதாவது இப்படி ஒரு சத்தம் கேட்டால், தூக்கம் வராவிட்டால், காரணம் இல்லாமல் அழுகை வந்தால், காது டாக்டரிடம் போகாதே, யாரிடமாவது வாயைத் திறந்து சொல். நம் வீட்டில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டுதான் இந்தக் கதிக்கு வந்தோம்.

போன ஞாயிறு மத்தியானம் டாக்டரம்மாவின் அனுமதியோடு அவனிடம் சொன்னோம். வார்டுக்கு வெளியே ஒரு பெஞ்ச் இருக்கிறது. நான்தான் ஆரம்பித்தேன், நீ சொன்னதெல்லாம் நிஜம்டா, நாங்கதான் பொய் சொன்னோம் என்று. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா, அது நோய்தான், அப்படித் தோணும், நம்பக் கூடாது, எனக்கு இப்ப புரியுது என்றான். தனக்காக நான் ஒத்துப் பேச வேண்டாம் என்று என்னைத் தேற்றினான். உண்மையைச் சொல்லி அழுகிற என்னை அவன் முதுகில் தட்டிக் கொடுத்துத் தேற்றுகிறான். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் பெஞ்சுக்குப் பின்னால் போய், பையில் கொண்டுவந்திருந்த சிவப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டையும் போட்டுக்கொண்டு அவன் முன்னால் வந்து நின்றார். பார்த்தால் நம்புவான் என்று நினைத்தோம். எங்கள் புத்தியில் எப்போதும் பாதிதான் வேலை செய்கிறது. அவன் பார்த்தான். என் பக்கம் சாய்ந்து, அப்பாவுக்குக் கேட்காத மாதிரி, அம்மா, அப்பா இப்ப என்ன சட்டை போட்டிருக்காரு என்று கேட்டான். உன் சட்டைதான்டா கண்ணு என்றேன். கண்ணை இறுக மூடிக்கொண்டான். திரும்ப வந்துடுச்சு, டாக்டர்கிட்ட சொல்லிடாதீங்கம்மா, வெளியே விட மாட்டாங்க என்றான்.

மறுநாள் டாக்டரம்மா தானே அவனிடம் பேசிப் பார்த்திருக்கிறாள். ஏதோ பரீட்சை வைக்கிறார்கள் என்று நினைத்து, இல்லை டாக்டர், அது நோய்தான், எனக்கு நல்லாத் தெரியும் என்று பாஸ் மார்க் வாங்குவதற்காகப் பதில் சொல்கிற மாதிரி சொன்னானாம். தன் கண்ணால் பார்த்ததையே நம்பக் கூடாது என்று அவனுக்குக் கற்றுக் கொடுத்தாகிவிட்டது, இனி எதைச் சொல்லி நம்ப வைப்பது. நம்புவதற்கு அவனுக்கு எங்களிடம் ஒன்றும் மிச்சமில்லை. டாக்டரம்மா, அவர் நம்புகிற ஆள் வேறு யாராவது உண்டா என்று கேட்டாள். நான் உன்னைச் சொன்னேன்.

அதனால்தான் இவ்வளவும் எழுதினேன். அவன் உன்னிடம் நிச்சயம் கேட்பான், அந்தப் போட்டோக்களைப் பார்த்தாயா என்று. இருபத்திரண்டு நாள் தலை சீவிக்கொண்டு உட்கார்ந்த போட்டோ. மனசு கேட்காமல், பார்த்தேன்டா, அழகாக இருந்தாய் என்று சொல்லிவிடாதே மகளே, உன் குணம் எனக்குத் தெரியும். ஒன்றுகூட வரவில்லை என்று சொல். போட்டோ வராததுதான் அவன் முகத்தை நாங்கள் வேறெதற்கோ எடுத்தோம், அவன் புத்தி சரியாக இருந்தது என்பதற்குச் சாட்சி, அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. அவன் உடைந்துபோவான், எனக்குத் தெரியும். அக்காவுக்காகச் சிரித்தேனே என்று நினைப்பான். அதற்கப்புறம் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் பரவாயில்லை, அவன் தன்னை நம்பட்டும். என்னைக் காப்பாற்றிப் பேசாதே. அம்மா பொய் சொன்னாள் என்று அப்படியே சொல்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள், அடிப்பாகம் மெத்தென்றிருக்கிற செருப்பாக வாங்கிப் போட்டுக்கொள், சம்பளம் வந்ததும் முதலில் அதைச் செய். நீயாவது நன்றாக இருக்க வேண்டும், நல்ல மனசோடு நல்ல மனிதர்கள் நடுவில் நீண்ட நாள் இருக்க வேண்டும், அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். வார்டு நம்பரைக் கவரின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நாலு மணியிலிருந்து ஐந்து மணிக்குள் கூப்பிட்டால் அவனிடம் கொடுப்பார்கள். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. வீடியோ வேண்டாம். அவன் முகத்தைக் காட்டச் சொல்லிக் கேட்காதே, குரல் மட்டும் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா